பேர் கேட்காத இடம்

அன்று காலை அந்த வீட்டு முற்றத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற ஞானசம்பந்தன். அவர் மனைவி நாகலக்ஷ்மி. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் ப்ரீதா. பிறந்து எழுபத்திரண்டு நாளான பேத்தி மீனு. மீனுவைக் காலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த இசக்கியம்மா. ஆறாவதாக ஒருவர் இல்லை என்பதை ஞானசம்பந்தன் வாசல் வரை போய்ப் பார்த்து உறுதி செய்துகொண்டார். ஏனென்றால் அங்கே நடந்தது வெளியே போகக் கூடாத விஷயம்.

நடந்தது இவ்வளவுதான். குளிப்பாட்டி முடித்த இசக்கியம்மா, பிள்ளையை இரண்டு கையாலும் ஏந்தி ப்ரீதாவிடம் நீட்டினாள். ப்ரீதா துண்டை விரித்துப் பிடித்தபடி நின்றாள். ஆனால் கை முன்னே வரவில்லை.

"பிடி தாயி. பிள்ளைக்குக் குளிருதுல்லா."

"அம்மாட்ட குடுங்க."

"பெத்தவ நீ முன்னால நிக்க, அம்மாட்ட எதுக்கு?"

"எனக்கு வேண்டாம்" என்றாள் ப்ரீதா. "தூக்கவே பயமா இருக்கு. யாராவது எடுத்துக்கோங்க."

சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே நின்று, சத்தம் இல்லாமல் அழுதாள். நாகலக்ஷ்மி ஓடிவந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

ஞானசம்பந்தன் தொண்டையைச் செருமினார். "சாம்பிராணிப் புகை கண்ணுல பட்டிருக்கும்" என்றார்.

"சாம்பிராணி இனிமேத்தான் போடணும் அய்யா" என்றாள் இசக்கியம்மா.

ஞானசம்பந்தனுடைய குடும்பத்தில் யாரும் அழுது அக்கம்பக்கத்தார் பார்த்ததில்லை. அவருடைய தகப்பனார் இறந்தபோதுகூடக் கதவைச் சாத்திக்கொண்டுதான் அழுதார்கள். அப்படிப்பட்ட வீட்டில், பிள்ளை பெற்ற சந்தோஷத்தில் இருக்க வேண்டியவள் இரண்டு மாதமாக அழுதுகொண்டிருந்தாள். பாதிச் சோற்றில் எழுந்தாள். பகலில் பிள்ளை தூங்கும்போதும் இவள் கண்ணை மூடவில்லை. தெருவில் யாராவது கேட்டால் சொல்வதற்கு ஞானசம்பந்தன் ஒரு பதில் வைத்திருந்தார்: சளி. கண் சிவந்தால் சளி, மூக்கு சிவந்தால் சளி, வந்தவர்களைப் பார்க்காமல் ப்ரீதா அறைக்குள் போனால் சளி முற்றிவிட்டது. பலன், பாளையங்கோட்டை சிவன் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற அந்தத் தெருவில் சளிக்குக் கைவைத்தியம் தெரிந்த அத்தனை பேரும் வந்துபோனார்கள். கற்பூரவல்லி, தூதுவளை, பனங்கற்கண்டு என்று அடுக்களை அலமாரி நாட்டுமருந்துக் கடையாகிவிட்டது. தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முத்துமாலை, "அண்ணாச்சி, இது ரெண்டு மாசச் சளி. படம் எடுத்துப் பாத்துருங்க" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டார் ஆழ்வார்குறிச்சியிலிருந்து வருகிறார்கள். ஒன்பதரைக்கு மேல் பத்தரைக்குள் நல்ல நேரம். தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போய்விடுவார்கள். மாப்பிள்ளை சாய்கிருஷ்ணன் புனாவில் வேலை பார்க்கிறான், தீபாவளிக்குத்தான் வருவான். அதுவரை ப்ரீதா மாமியார் வீட்டில். நாள் குறித்துக் கொடுத்ததே ஞானசம்பந்தன்தான். இன்று திங்கள். இன்னும் நான்கு நாள் இந்தச் சளியைக் காப்பாற்றிவிட்டால் குடும்பத்தின் பேர் தப்பித்துவிடும் என்பது அவர் கணக்கு.

இசக்கியம்மா சாம்பிராணிக் கரண்டியை ஊதிக்கொண்டே சொன்னாள்: "அய்யா, முந்நூறு பிள்ளைக்குத் தண்ணி ஊத்துன கை இது. பத்துத் தாயில ஒருத்தி ரெண்டு பேரு இப்படித்தான் ஆவாளுவ. சளி கிளின்னு சொல்லிட்டுக் கெடக்காம ஆராவது கேக்கணும்."

"வேலைய மட்டும் பாரு" என்றார் ஞானசம்பந்தன்.

"வேலையத்தான் பாக்கேன். பிள்ளையக் குளிப்பாட்டுனா போதுமா? தாய ஆரு பாக்க?"

மறுநாள் அவள் வரும்போது இடுப்பில் ஒரு தாளை மடித்துச் செருகியிருந்தாள். அதை எடுத்து முற்றத்தில் விரித்து வைத்தாள். பெரிய தாள். நான்கு மூலையிலும் பசையும் சுண்ணாம்பும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"என்னது இது?"

"ஆஸ்பத்திரிச் செவுத்துல ஒட்டியிருந்திச்சு. மனசு தாங்காதவங்க போன்ல பேசுத எடமாம். நர்சம்மா படிச்சுச் சொல்லுச்சு. எனக்கு நம்பரு எழுதத் தெரியாதுல்லா, அதான் தாளோட கொண்டாந்துட்டேன்."

"சுவத்துல ஒட்டினதைக் கிழிச்சுட்டா வந்தே?"

"பைய உரிச்சேன் அய்யா. ஓரத்துலதான் கொஞ்சம் கிழிஞ்சிட்டு."

முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் காகிதத்தில் ஒரு மடிப்பு விழாமல் காத்தவர் ஞானசம்பந்தன். நெற்றியில் கைவைத்துக்கொண்டார். ஆனாலும் அச்சடித்த எதையும் படிக்காமல் விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. படித்தார். மனம் கனக்கிறதா, வாழவே பிடிக்கவில்லையா, எங்களிடம் பேசுங்கள். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை. கீழே ஒரு பாளையங்கோட்டை போன் நம்பர். அதற்கும் கீழே: பேர் சொல்ல வேண்டாம். ஊர் சொல்ல வேண்டாம். யார் என்று கேட்க மாட்டோம்.

அந்தக் கடைசி வரி அவரைக் குத்தியது.

"பேரு சொல்ல வேண்டாம்னா என்ன அர்த்தம்?" என்று மனைவியிடம் கேட்டார். "நான் என்ன பேரில்லாதவனா? கேக்கிறவனும் யாருன்னு தெரியாது, சொல்லுதவளும் யாருன்னு தெரியாது. இப்படி ஒரு பேச்சு உலகத்துல உண்டா?"

நாகலக்ஷ்மி முப்பது வருஷமாக அவரோடு வாழ்கிறவள். மெதுவாகச் சொன்னாள்: "தெரிஞ்சவங்ககிட்டதான் சொல்ல முடியாதுங்கிய. தெரியாதவங்ககிட்டயும் சொல்லக் கூடாதுன்னா, பொறவு யாருட்டதான் சொல்ல?"

அவர் தாளை மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தார். புதன்கிழமை முழுவதும் அதை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

வீட்டில் போன் உண்டு. கூடத்தில், எல்லோரும் பார்க்கிற இடத்தில், பூட்டுப் போட்டு இருக்கும். சாவி அவருடைய அரைஞாணில். ஆனால் அந்தத் தெருவில் இருந்த முதல் போன் அதுதான். பத்து வீட்டுக்காரர்கள் அந்த நம்பரைத்தான் தங்கள் நம்பர் என்று ஊரெல்லாம் கொடுத்திருந்தார்கள். எந்த நேரமும் யாராவது ஒருவர் கூடத்தில் உட்கார்ந்து மெட்ராஸ் போனுக்குக் காத்திருப்பார். அங்கே எதையும் பேச முடியாது. தெருமுனை பூத்தில் பேசலாம் என்றால், பூத்துக்குப் பக்கத்துக் கடை முத்துமாலையுடையது.

ஆகவே வியாழக்கிழமை காலை ஞானசம்பந்தன் திருச்செந்தூருக்குப் பஸ் ஏறினார். நடந்தால் பத்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய ஓர் இடத்துக்கு போன் செய்ய, பஸ்ஸில் இரண்டு மணி நேரம் எதிர்த்திசையில் போன மனிதர் ஜில்லாவில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மாப்பிள்ளை பார்க்கும்போது மூன்று ஊரில் விசாரித்தவர் அவர். முதலில் இந்த இடத்தைப் பற்றி விசாரிக்க வேண்டும். சரியான மனிதர்கள்தானா என்று தெரிந்த பிறகு, மேற்கொண்டு யோசிக்கலாம்.

சன்னதித் தெருவில் கூட்டம் குறைவான ஒரு பூத்தாகத் தேடிக் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு முறை மணி அடித்ததும் ஓர் ஆண்குரல் வணக்கம் சொன்னது. இளவயதுக் குரல்.

"யாரு பேசுதது?" என்றார் ஞானசம்பந்தன், அதட்டலாக.

"இங்க உதவிக்கு இருக்கிற ஆள் சார். சொல்லுங்க, கேக்கேன்."

"பேரு?"

"பேர் சொல்லுதது இல்ல சார். நீங்களும் சொல்ல வேண்டாம்."

"எந்த ஊரு?"

"அதுவும் இல்ல சார்."

"சரி. அப்பா என்ன செய்யுதாரு?"

அந்தப் பக்கம் ஒரு சின்ன இருமல் கேட்டது. சிரிப்பை அடக்கிய இருமல். "சார், நான் பொண்ணு கேட்டு வரலையே?"

ஞானசம்பந்தனுக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் குரலில் 'கேக்கேன்' என்ற சொல் தாமிரபரணித் தண்ணீர் குடித்த சொல்லாக இருந்தது. அது கொஞ்சம் தைரியம் கொடுத்தது.

"எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். "என் சிநேகிதர் ஒருத்தர். அவரு மக பிள்ளை பெத்திருக்கா. ரெண்டு மாசமா அழுதுட்டே இருக்கா. பிள்ளையத் தூக்க மாட்டேங்கா."

"தூங்குதாளா சார்?"

"இல்ல."

"சாப்பாடு?"

"கொறிக்கா."

"உங்க சிநேகிதர் தூங்குதாரா?"

இந்தக் கேள்வியை ஞானசம்பந்தன் எதிர்பார்க்கவில்லை. இரண்டு மாதத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. "அவருக்கென்ன... வயசானவரு. முன்னப்பின்ன இருக்கும்" என்றார்.

அப்போது கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். வெளியே மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம் பூசிய ஒரு ஆள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். யார் என்று தெரியவில்லை. கதவு கொஞ்சம் திறந்தது.

"அண்ணாச்சி! நம்மளத் தெரியலையா? முத்துமாலைல்லா! கடையப் பூட்டிட்டு மொட்டை போட வந்தேன். நீங்க இங்கன என்ன?"

"பேத்திக்கு நேர்ச்சை."

"நேர்ச்சைக்கு முருகன்கிட்டல்லா போகணும்? பூத்துக்குள்ள நிக்கிய?"

"கதவைச் சாத்தும் வே!" என்றார் ஞானசம்பந்தன். முத்துமாலை சாத்தினார். ஆனால் போகவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையைத் தடவிக்கொண்டு நின்றார்.

குரல் பொறுமையாகக் காத்திருந்தது. பிறகு கேட்டது: "சார், ஒரு விஷயம் நேராவே கேக்கேன். அந்தப் பொண்ணு சாகணும்னு ஏதும் சொல்லியிருக்காளா?"

"எங்க வீட்டுல அந்த மாதிரி வார்த்தையெல்லாம் யாரும்..." என்று ஆரம்பித்த ஞானசம்பந்தன் அங்கேயே நின்றுவிட்டார்.

'எங்க வீட்டுல' என்றதைக் கேட்டுக்கொண்ட மாதிரியே அந்தக் குரல் காட்டிக்கொள்ளவில்லை. "அவகிட்ட யாராவது கேட்டாங்களா சார்?"

"அதெப்படி வே கேக்க? கேட்டா, இல்லாத நெனப்பையும் நாமளே குடுத்த மாதிரி ஆயிராதா?"

"ஆகாது சார். நெனப்பு இல்லன்னா இல்லன்னு சொல்லிருவா. இருந்தா, இத்தனை நாளா தனியாச் சுமந்துட்டு இருப்பா. கேக்கறதால யாரும் சாகுறதில்ல. பிள்ளை பெத்தவங்களுக்கு இப்படி வர்றது உண்டு. இது வியாதி. மருந்து இருக்கு, சரியாப் போகும். ஆனா இன்னைக்கே கேக்கச் சொல்லுங்க. ஆமான்னு சொன்னா தனியா விட வேண்டாம், ராத்திரி யாராவது கூடப் படுக்கணும். இன்னைக்கு ஆறு மணிக்குள்ள, இல்லன்னா காலையில எட்டு மணிக்கு எங்ககிட்ட பேசட்டும். டாக்டர்கிட்டயும் போகணும். உங்க சிநேகிதர் இதையெல்லாம் செய்வாரா?"

கண்ணாடிக்கு வெளியே முத்துமாலை இப்போது காதைக் கதவோடு வைத்திருந்தார்.

"சிநேகிதர் யாரும் இல்ல" என்றார் ஞானசம்பந்தன். "என் மக. பேரு ப்ரீதா."

"பேர் வேண்டாம்னு சொன்னேனே சார்."

"உமக்கு வேண்டாம். எனக்கு வேணும் வே" என்றார். "பேரில்லாதவ இல்ல என் மக. காலேஜ்ல பேச்சுப்போட்டியில பரிசு வாங்குனவ. இப்பம் ஒரு நாளைக்கு நாலு வார்த்தைதான் பேசுதா."

திரும்பும்போது ஸ்ரீவைகுண்டத்தில் பஸ் டயர் பஞ்சராகி ஒரு மணி நேரம் நின்றது. பாளையங்கோட்டையில் இறங்கியபோது ஆறரை. அந்த இடத்தில் ஆறு மணிக்கே போனை வைத்துவிடுவார்கள். வீட்டுக் கூடத்திலிருந்து கூப்பிட்டிருந்தால் ப்ரீதா மத்தியானமே பேசி முடித்திருப்பாள். ஓர் அந்தஸ்தைக் காப்பாற்ற ஒரு முழுநாள் செலவாயிற்று. அதுவும், பக்கத்து சீட்டில் சந்தன மணத்தோடு உட்கார்ந்து வந்த முத்துமாலையிடம் அந்த அந்தஸ்து பாதிக்கு மேல் போய்ச் சேர்ந்துவிட்டது.

ப்ரீதா அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஞானசம்பந்தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் முப்பது முறை சொல்லிப் பார்த்த வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"ஏம்மா... ஒனக்கு... செத்துப்போயிரணும்னு ஏதும் தோணுதா?"

வாசற்படியில் நின்ற நாகலக்ஷ்மி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ப்ரீதா திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவரை நேராகப் பார்த்தாள்.

"தோணுதுப்பா" என்றாள். "தினமும் இல்ல. ஆனா தோணுது. ஆழ்வார்குறிச்சியில மாடி ரூம்ல பிள்ளையும் நானும் மட்டும் இருக்கணும். அதை நெனச்சா இன்னும் பயமா இருக்கு. யாராவது கேப்பியளான்னு பாத்துட்டே இருந்தேன். எல்லாரும் சளிக்குக் கஷாயம் குடுத்திய."

"நீயாச் சொல்லியிருக்கலாமே?"

"உங்ககிட்டயா?" என்றாள் ப்ரீதா. அது போதுமானதாக இருந்தது.

அன்று நாகலக்ஷ்மி மகளோடு படுத்துக்கொண்டாள்.

காலை எட்டு மணிக்கு, கூடத்தில் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், ஞானசம்பந்தன் போன் பூட்டைத் திறந்து எடுத்தார். நம்பர் கிடைக்கவில்லை. எட்டரைக்கும் இல்லை. யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள். "நம்மளை மாதிரி இத்தனை பேரா?" என்றாள் நாகலக்ஷ்மி. ஒன்பதே முக்காலுக்கு மணி போய், அந்தப் பக்கம் எடுத்தார்கள். ப்ரீதா பேச ஆரம்பித்து இரண்டு நிமிஷம் இருக்கும். வாசலில் கார் வந்து நின்றது.

சம்பந்தி முத்துசுப்பிரமணியனும் அவர் மனைவி உலகம்மாளும் உள்ளே வந்தார்கள். கையில் பழத்தட்டு, புதுத் தொட்டில் துணி. கூடத்தில் மருமகள் போனைக் காதோடு இறுக்கி, சுவரோடு சாய்ந்து, கண்ணீரும் பேச்சுமாக நின்றுகொண்டிருந்தாள். வந்தவர்களைப் பார்த்ததும் அவள் கை போனை வைக்கப் போயிற்று.

"வைக்காதே" என்றார் ஞானசம்பந்தன். "பேசு."

உலகம்மாள் தட்டைக் கீழே வைத்தாள். "யாருகிட்ட பேசுதா அண்ணாச்சி?"

"யாருன்னு தெரியாது."

"தெரியாதா?"

"பேரு சொல்ல மாட்டாங்க. மனசு சரியில்லாதவங்க பேசுத எடம். இவளுக்கு மனசு சரியில்ல. சளின்னு சொல்லிட்டிருந்தேன். சளி இல்ல. உக்காருங்க, முடிக்கட்டும்."

முத்துசுப்பிரமணியன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பிச்சிரும். நேரம் குறிச்சுக் குடுத்ததே நீங்கதான்."

"ஆமா. நான்தான்."

"பிள்ளை?"

"தூங்குதா."

பத்து மணி ஆயிற்று. நாகலக்ஷ்மி காப்பி கொண்டுவந்தாள். உலகம்மாள் தொடவில்லை, முத்துசுப்பிரமணியன் கோபத்தில் இரண்டு டம்ளரையும் குடித்துவிட்டார். பத்தேகால். ப்ரீதா ஒருமுறை, "ஆமா, பயமாத்தான் இருக்கு" என்றாள். ஒருமுறை, யாருக்கும் காரணம் தெரியாமல், சிரித்தாள்.

"ஆழ்வார்குறிச்சியில நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்ல?" என்றாள் உலகம்மாள், அழுகிற மாதிரி.

"அந்த நாலு பேரு யாருன்னு பேரு சொல்லுங்க" என்றார் ஞானசம்பந்தன். "நானே வந்து சொல்லுதேன்."

கடிகாரம் பத்தரை அடித்தது. நாள் பார்க்காமல் வீட்டுக்கு வெள்ளையடிக்கக்கூட விடாத மனிதர், தான் குறித்த நல்ல நேரம் போய்விட்டதைக் கேட்டுக்கொண்டு அசையாமல் இருந்தார். பத்து நாற்பதுக்கு ப்ரீதா போனை வைத்தாள். "டாக்டர்கிட்ட போகச் சொல்லுதாங்கப்பா. இன்னைக்கே" என்றாள். மாமியாரைப் பார்த்து, "அத்தை, இப்பம் நான் வரல. கொஞ்ச நாள் போகட்டும்" என்றாள். முழு வாக்கியமாகச் சொன்னாள்.

சம்பந்தி வீட்டார் ராகுகாலம் என்றும் பாராமல் புறப்பட்டுப் போனார்கள்.

ப்ரீதா டாக்டரைப் பார்த்தாள். மாத்திரை சாப்பிட்டாள். வாரத்துக்கு இரண்டு நாள் அந்த நம்பருக்குப் பேசினாள். நாகலக்ஷ்மி எழுதிய கடிதத்தைப் பார்த்து, தீபாவளிக்குக் காத்திராமல் ஆனியிலேயே சாய்கிருஷ்ணன் லீவு போட்டு வந்தான். ஆவணியில் மூன்று பேருமாகப் புனாவுக்கு ரயில் ஏறினார்கள். உலகம்மாள் இன்னும் ஞானசம்பந்தனோடு பேசுவதில்லை.

தெருவில் இதைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. முத்துமாலை கடையில் இப்போதும் சொல்கிறார்கள். அன்றைக்குச் சம்பந்தி வீட்டார் முன்னால் ஞானசம்பந்தன் அவமானத்தில் தலைகுனிந்து நின்றாராம்.

தவறு. அவர் நிற்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை குனிந்திருந்தது நிஜம். மடியில், தூக்கம் கலைந்த பேத்தி இருந்தாள்.